இன்று வாங்கு, நாளை கொடு: கூலியின் மீது விழும் முன்பணம்

(கொச்சி மட்டாஞ்சேரி, ஜூ டவுன் பகுதியில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடத்தப்பட்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்வகுப்பில் பேச வருமாறு என்னை அழைத்த தோழர் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார். “பெரிய கடைகளில் பணமே வாங்காமல் பொருளைக் கொடுத்தனுப்புகிறார்களே, பிறகு மாதாமாதம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறார்களே, அது எப்படி அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது? எங்கள் ஆட்களுக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?” என்றார். நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். தமிழ் படித்தவன், கட்சியின் ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் வேலை. ஆயினும் ஒப்புக்கொண்டேன். அதற்கான காரணத்தை, அது சற்று வெட்கத்துக்குரிய காரணம், சிறிது நேரத்தில் சொல்கிறேன்.

முதலில் நாம் அமர்ந்திருக்கும் இத்தெருவிலிருந்து தொடங்குவோம்.

மிளகின் மீது முன்பணம்

இங்கு ஏறி வரும்போது கிட்டங்கிகளிலிருந்து சுக்கும் மிளகும் மணத்தன. இப்போது பழம்பொருள் கடைகளும் சுற்றுலாப் பயணிகளும் நிறைந்திருக்கும் இத்தெரு, நூற்றாண்டுக் கணக்கில் நறுமணப்பொருள் வணிகத்தின் தெரு. மிளகு முன்பேர வணிகத்துக்கான சங்கம் 1957-இல் தொடங்கப்பட்டு இத்தெருவில்தான் இயங்கி வந்தது. இன்று விலை பேசி, நாளை சரக்கையும் பணத்தையும் கைமாற்றுவது இத்தெருவுக்குப் புதிதன்று.

இவ்வணிகத்தின் அச்சாணியாக இருந்தது முன்பணம். மலையில் மிளகுக்கொடி காய்க்கும் முன்பே, ஐரோப்பியக் கம்பெனிகளும் உள்ளூர்ப் பெருவணிகர்களும் இடைத்தரகர் வழியாகப் பணத்தை அனுப்பிவிடுவார்கள். பஞ்ச மாதத்தில் கையில் பணம் கிடைத்த குடியானவனுக்கு அது உதவியாகவே தோன்றும். அறுவடை வந்ததும் உண்மை வெளிப்படும். முன்பணம் வாங்கியவன் தன் மிளகை வேறெவரிடமும் விற்க முடியாது. கொடுத்தவன் சொன்னதே விலை. வட்டி என்ற சொல்லே அந்தக் கணக்கில் இல்லாதிருக்கலாம். வட்டி, மிளகின் விலைக்குள் ஒளிந்திருந்தது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று வணிக மூலதனம் விளைச்சலின் மீது முன்பணம் கொடுத்தது. இன்று நிதி மூலதனம் நம்முடைய கூலியின் மீது முன்பணம் கொடுக்கிறது. இன்னும் செய்யாத வேலைக்கு, இன்னும் வராத ஊதியத்தின் மேல், இன்றே ஒரு பொருளைக் கையில் தருகிறது. இங்கும் வட்டி, விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

வரி வரியாகப் படிப்பவன் படிக்காத வரிகள்

இனி என் கதை. சென்ற ஆண்டு என் மகளின் கல்லூரிப் படிப்புக்கு ஒரு மடிக்கணினி தேவைப்பட்டது. எங்கள் ஊரில் உள்ள பெரிய கடை ஒன்றுக்குச் சென்றோம். கடையின் பெயர் இங்கு வேண்டாம். எல்லாக் கடையும் அக்கடையே. விலை 48,000 ரூபாய். நாங்கள் தயங்கி நின்றபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஓர் இளைஞர் வந்தார். “சார், ஒரு ரூபாய் வட்டி கிடையாது. மாதம் ஆறாயிரம், எட்டு மாதம். ஆதாரும் பானும் போதும். பத்து நிமிடம்” என்றார். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சரி என்றேன்.

அவருடைய கையிலிருந்த கருவியில் பக்கம் பக்கமாக எழுத்துகள் ஓடின. அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். என் தொலைபேசிக்கு வந்த ஓடிபி எண்ணை நான் சொல்லச் சொல்ல அவர் பதிந்தார். மேற்கோளுக்கு இரண்டு பேரின் தொலைபேசி எண் கேட்டார். ஒன்று என் மைத்துனருடையது. மற்றொன்று எங்கள் கிளைச் செயலாளருடையது. முப்பது ஆண்டுகளாகப் பிறர் எழுதியதை வரி வரியாகப் படித்து, ஒரு சொல்லுக்கு நான்கு அகராதிகளைப் புரட்டுகிறவன், என் பெயரில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரியையும் படிக்கவில்லை.

பிறகு வீட்டில் அமர்ந்து கணக்குப் போட்டேன். அதே கணினியை ரொக்கத்துக்கு வாங்கினால் 2,500 ரூபாய் தள்ளுபடி இருந்தது; 45,500-க்குக் கிடைத்திருக்கும். கடனுக்கான செயலாக்கக் கட்டணம் வரியோடு 589 ரூபாய். கூடுதல் உத்தரவாதம் என்ற பெயரில் நான் கேட்காத ஒன்றுக்கு 1,999 ரூபாய். இவ்விரண்டையும் கல்லாவிலேயே கட்டிவிட்டு வந்திருந்தேன். ஆக, 45,500 ரூபாய்ப் பொருளுக்கு மொத்தம் 50,588 ரூபாய். தள்ளுபடியை இழந்ததையும் கட்டணத்தையும் மட்டும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி ஆகிறது. அந்த உத்தரவாதத்தையும் சேர்த்தால் 30 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இதற்குத்தான் பூஜ்ஜிய வட்டி என்று பெயர்.

நான்காம் மாதம் தனியார் பள்ளியில் பணிபுரியும் என் துணைவியாருக்குச் சம்பளம் தாமதமாயிற்று. ஐந்தாம் தேதி எடுக்க வேண்டிய தவணைக்குக் கணக்கில் பணம் இல்லை. கடன் நிறுவனம் 590 ரூபாய் போட்டது. தவணை திரும்பியதற்காக வங்கி தனியே 295 ரூபாய் எடுத்தது. நான்கு நாள் கழித்து மறுபடியும் எடுக்க முயன்று மறுபடியும் திரும்பியதால் இன்னொரு 295. ஆறாயிரம் ரூபாய்த் தவணை ஒரு வாரம் பிந்தியதற்கு 1,180 ரூபாய். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கந்துவட்டிக்காரன் கேட்டால் தெருவே கூடி நியாயம் கேட்டிருக்கும்.

அதற்கிடையில் எங்கள் கிளைச் செயலாளருக்கு ஓர் அழைப்பு போயிருக்கிறது. “இவரைத் தெரியுமா? பணம் கட்டாமல் இருக்கிறார், சொல்லி வையுங்கள்” என்று. அவர் மாலையில் வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார். கடைசியில், “ஏன் தோழர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பணத்தைவிட அந்த வெட்கம்தான் என்னை அரித்தது. ஊராருக்குச் சுரண்டலை விளக்குகிறவன், தான் ஏமாந்ததை எவரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த கிளைக் கூட்டத்தில் செயலாளர், என் பெயரைச் சொல்லாமல், “நம்மில் யாருக்கெல்லாம் இப்படித் தவணைக் கடன் இருக்கிறது?” என்று கேட்டார். முதலில் அமைதி. பிறகு நான் கை உயர்த்தினேன். பிறகு ஒவ்வொன்றாக, பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. ஒரே அறையில் பல்லாண்டுகள் அமர்ந்து உலக முதலாளித்துவத்தின் நெருக்கடியை விவாதித்த நாங்கள், எங்கள் சட்டைப்பைக்குள் இருந்த நெருக்கடியை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்து வைத்திருந்தோம். அதனால்தான் இங்கு பேச ஒப்புக்கொண்டேன்.

கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர்கள்

தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். இது அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?

நமக்குக் கடை மட்டுமே தெரிகிறது. உண்மையில் நான்கு பேர் நிற்கிறார்கள். ஒருவர் கடைக்காரர். அடுத்தவர் செயலியை நடத்தும் நிறுவனம். மூன்றாமவர் உண்மையில் பணம் கொடுக்கும் வங்கி, அல்லது வங்கி சாராத நிதி நிறுவனம். நான்காமவர் நம்முடைய கடன் வரலாற்றைப் பதிந்து மதிப்பெண் போடும் நிறுவனம். நாம் பொருளைத் தூக்கிக்கொண்டு வெளியேறியபின் விரைவிலேயே கடைக்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நாம் கடைக்குக் கடன்பட்டவர்கள் அல்லர். பெயரைக்கூடக் கேட்டறியாத ஒரு நிதி நிறுவனத்துக்குக் கடன்பட்டவர்கள்.

வருவாய் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, கடைக்காரர் ஒவ்வொரு விற்பனைக்கும் நிதி நிறுவனத்துக்குத் தரும் கழிவு. அவர் ஏன் தருகிறார்? கையில் பணமில்லாதவனுக்கும் விற்க முடிகிறது. ஆயிரம் ரூபாய்க்கு வந்தவன் மூவாயிரத்துக்கு வாங்கிப் போகிறான். அந்தக் கழிவு பொருளின் விலையில் ஏற்றப்படுகிறது. ஆகவே ரொக்கம் கொடுத்து வாங்கும் ஏழையும் அதைச் சுமக்கிறார். இரண்டாவது, நம்மிடம் வாங்கும் செயலாக்கக் கட்டணமும் நீண்ட தவணைகளுக்கான வட்டியும். மூன்றாவது, தவறியவர்களிடம் வாங்கும் அபராதம். இவற்றுக்கு மேலே, நாம் எதை, எப்போது, எவ்வளவுக்கு வாங்குகிறோம் என்ற விவரம் முழுவதும் அவர்கள் கையில் சேர்கிறது. அடுத்த கடனை யாருக்கு நீட்டுவது என்பதை அந்த விவரமே தீர்மானிக்கிறது.

பூஜ்ஜிய வட்டி என்பது இல்லாத ஒன்று என்பதை நாம் மட்டும் சொல்லவில்லை. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ஜிய விழுக்காட்டு வட்டி என்ற கருத்தே கிடையாது என்றும், வட்டி செயலாக்கக் கட்டணமாக மாறுவேடம் போட்டு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது என்றும் கண்டது. அதன்பின் பெயர் மாறிற்று. விலையில்லா இஎம்ஐ என்றார்கள். கடைக்காரர் வட்டி அளவுக்குத் தள்ளுபடி கொடுப்பதாகவும், அதை நிதி நிறுவனம் வட்டியாக எடுத்துக்கொள்வதாகவும் கணக்கு எழுதப்படுகிறது. ரொக்கத்துக்கு வாங்குகிறவனுக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடி, தவணைக்காரனின் வட்டியாகப் பெயர் மாறுகிறது.

பற்று, துண்டு, மதிப்பெண்

சொற்களோடு வாழ்பவன் என்பதால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். தமிழ்நாட்டு மளிகைக் கடையில் பற்றுக் கணக்கு என்போம். இங்கு மலையாளத்தில் பற்றுப் புத்தகம் என்கிறார்கள். சொல் ஒன்றே. தெருமுனைக் கடைக்காரர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். சம்பளம் வந்ததும் கொடுப்போம். அதிலும் சுரண்டல் உண்டு. எடை குறையும், விலை கூடும், கடன் இருப்பதால் வேறு கடைக்குப் போக முடியாது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலைநிறுத்தக் காலத்தில் அந்த நோட்டு பொறுத்திருக்கும். “இந்த மாதம் கூலி வரவில்லை, அண்ணாச்சி” என்று சொல்ல ஒரு முகம் இருந்தது. இன்றைய கடனுக்கு முகம் இல்லை. ஐந்தாம் தேதி விடியுமுன் கணக்கிலிருந்து எடுக்கப்படும் பணத்துக்கு வேலைநிறுத்தம் தெரியாது, மழை தெரியாது, மருத்துவமனை தெரியாது.

தமிழ்த் தொழிலாளர்கள் இதைவிடக் கொடிய சொல் ஒன்றை அறிவார்கள்: துண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி வழியாக முன்பணம் பெற்றுச் சென்ற நம் மக்களின் கடன், ஒரு துண்டுத் தாளில் எழுதப்பட்டது. இத்தனை ரூபாயைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அக்கடனை ஏற்றுக்கொண்டு அவர்களை எடுத்துக்கொள்ளும். ஆள் மாறினாலும் கடன் கூடவே நடந்து வரும். 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இன்றைய துண்டு கடன் மதிப்பெண். சிபில் நிறுவனம் 2000-இல் தொடங்கப்பட்டது. அதன் மதிப்பெண் 300 முதல் 900 வரை. 2025 சனவரி முதல் கடன் விவரங்களைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. பெரிய கடையில் வாங்கிய ஒரு கைப்பேசியின் தவணை தவறியது, மூன்றாண்டு கழித்து மகனின் கல்விக் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ போகும்போது நமக்கு முன்னால் போய் மேசையில் அமர்ந்திருக்கிறது. நூறு ரூபாய்ப் பாக்கியும் தவறியதே ஆகும். துண்டோடு இதை முற்றிலும் ஒன்றாக்க முடியாது. இன்று நம்மைத் தோட்டத்தில் கட்டி வைப்பவர் இல்லை. ஆனால் கடன்பட்டவனுக்கு முன்னால் அவன் கடன் நடந்து போகும் ஏற்பாடு அதுவேதான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

தவணை விற்பனை நேற்று வந்ததன்று. சிங்கர் தையல் இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தவணையில் விற்கப்பட்டு இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டில் வி.ஜி. பன்னீர்தாஸ் நிறுவனம் கடிகாரத்தையும் வானொலிப் பெட்டியையும் தவணையில் விற்று நடுத்தர வர்க்க வீடுகளை நிரப்பிற்று. இதை முறைப்படுத்த நாடாளுமன்றம் 1972-இல் தவணைக் கொள்முதல் சட்டத்தை நிறைவேற்றியது. தோழர்களே, அச்சட்டம் ஒரு நாளும் நடைமுறைக்கு வரவில்லை. நிறைவேற்றப்பட்டு, அலமாரியில் வைக்கப்பட்டு, 2005-இல் நீக்கப்பட்டது. முப்பத்துமூன்று ஆண்டுகள் உறங்கி, உறக்கத்திலேயே இறந்த சட்டம் அது.

இப்போதைய வடிவம் அண்மைக்காலத்தது. ஃபிளிப்கார்ட்டுக்குப் பின் அமேசான் 2020-இல் இச்சேவையைத் தொடங்கியது. பெருந்தொற்றின் முடக்கத்தில் கூலி இழந்த வீடுகளுக்குள் கடன் செயலிகள் நுழைந்தன. 2022 ஜூன் 20 அன்று, வங்கி சாராத நிறுவனங்கள் நடத்தும் முன்பண அட்டைகளிலும் பணப்பைகளிலும் கடனை ஏற்றக்கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மின்னணுக் கடனுக்கான விதிகள் வந்தன. 2023 நவம்பர் 15 அன்று, பஜாஜ் ஃபைனான்ஸ் நிறுவனம் தன் இகாம், இன்ஸ்டா இஎம்ஐ கார்டு ஆகிய இரு திட்டங்களில் கடன் கொடுப்பதை உடனே நிறுத்துமாறு ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. கடன் வாங்குவோருக்கு முக்கிய விவரத் தாளைத் தராதது அதற்கான காரணங்களில் ஒன்று. 2024 மே 2 அன்று தடை நீக்கப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றையே ஒரு தாளைத் தராததற்காக நிறுத்த முடிந்தது என்றால், அந்தத் தாள் சாதாரணத் தாள் அன்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாநில அரசு ஏன் தலையிடவில்லை என்று கேட்பீர்கள். கேரளத்தில் 1958-இன் பணக்கடன் வழங்குவோர் சட்டம் உண்டு. அளவுமீறிய வட்டியைத் தடுக்கும் 2012-இன் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டம் உண்டு. இங்கு பிளேடு என்று நீங்கள் அழைக்கும் கூட்டத்தை ஒடுக்க 2014-இல் ஆபரேஷன் குபேரா நடத்தப்பட்டதையும் அறிவீர்கள். ஆனால் 2022 மே 10 அன்று, நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் எதிர் கேரள அரசு என்ற வழக்கில், ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்குக் கேரளத்தின் 1958 சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவில் வட்டிக்கு விடும் தனியாளைக் கேரளக் காவல்துறை பிடிக்கலாம். பல்லாயிரம் கோடி விடும் நிறுவனத்தின் வட்டியைக் கேரளச் சட்டமன்றம் தொட முடியாது. கூட்டாட்சி என்ற சொல்லை மேடையில் மட்டும் பேசுகிறோம். அது நம் தவணைச் சீட்டிலும் இருக்கிறது.

உலகெங்கும் இந்தக் கேள்வி எழுந்துள்ளது. இச்சேவை பெருமளவில் பரவிய ஆஸ்திரேலியாவில், இது கடனே அல்ல என்று நிறுவனங்கள் பல ஆண்டுகள் வாதாடின. 2025 ஜூன் 10 முதல் அங்கு இதுவும் நுகர்வோர் கடன் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது.

ஆசையா, தேவையா?

இங்கே நம் பக்கத்திலேயே ஒரு தவறான பதில் உண்டு. “எல்லாம் நுகர்வு மோகம், ஆசையை அடக்கினால் போதும்” என்பது. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ளவர்கள். வெளியில் உள்ள டோபி கானாவில் நாளெல்லாம் தண்ணீரில் நின்று துணி துவைக்கும் தமிழ்க் குடும்பத்தின் பெண்ணுக்கு ஒரு சலவை இயந்திரம் ஆடம்பரமா? பிள்ளையின் வகுப்பு கைப்பேசிக்குள் வந்துவிட்ட காலத்தில் கைப்பேசி ஆடம்பரமா? தேவைகள் வரலாற்றோடு வளர்கின்றன. வளர்ந்த தேவைக்கேற்பக் கூலி வளரவில்லை. அந்த இடைவெளியைத்தான் கடன் நிரப்புகிறது.

ரிசர்வ் வங்கி 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21-இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 11.5 விழுக்காடாக இருந்தது, 2022-23-இல் 5.1 விழுக்காடாகச் சரிந்தது. முடக்கக் காலச் சேமிப்பு அசாதாரணமானது என்பது உண்மையே. ஆனால் சரிவின் மறுபக்கம் குடும்பக் கடனின் ஏற்றம். முதலாளிக்கு இது இருமடங்கு வசதி. கூலியை உயர்த்தாமலே சரக்கை விற்கலாம். விற்ற சரக்கின் மீது வட்டியும் எடுக்கலாம். உற்பத்தியில் நடக்கும் சுரண்டலோடு, தொழிலாளி தன் கூலியைச் செலவழிக்கும் இடத்திலும் இரண்டாம் முறை சுரண்டப்படுவதை மார்க்ஸ் மூலதனம் மூன்றாம் தொகுதியில், வட்டி மூலதனத்தை ஆராயுமிடத்தில் சுட்டுகிறார். கடன்பட்ட தொழிலாளி வேலைநிறுத்த வாக்கெடுப்பில் கை உயர்த்தும் முன் ஐந்தாம் தேதியை நினைக்கிறார். சங்கத்துக்கு இதைவிடப் பெரிய கேள்வி என்ன இருக்கிறது?

செப்பில் வெட்டிய எழுத்து

இத்தெருவின் முனையில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளி இருக்கிறது. அங்கு காக்கப்பட்டு வந்த செப்பேடு தமிழ் மாணவர்கள் அறிந்தது. ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற வணிகத் தலைவனுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அளித்ததை வட்டெழுத்தில் பொறித்த செப்பேடு அது. எது தரப்படுகிறது, எந்த வரி விலக்கப்படுகிறது என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் செப்பில் வெட்டி வாங்கி, தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். எழுத்தின் மதிப்பு வணிகனுக்குத் தெரியும். நமக்குத் தெரிய வேண்டாமா?

நமக்கும் ஓர் ஏடு உண்டு. முக்கிய விவரத் தாள் என்று முன்பு சொன்னது அதுதான். 2024 ஏப்ரல் 15 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் அத்தாளைக் கடன் கொடுக்குமுன் தர வேண்டும். எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்க வேண்டும். அதில் எழுதப்படாத கட்டணத்தை நம்முடைய வெளிப்படையான ஒப்புதல் இன்றி வசூலிக்கக்கூடாது. இன்னொன்று, மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு மிகவும் உவப்பான விதி: அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கொச்சியில் இருந்தாலும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தொழிலாளி, “எனக்குத் தமிழில் கொடு” என்று கேட்கலாம். எனக்கு அத்தாள் ஆங்கிலத்தில், மின்னஞ்சலில் வந்தது. நான் கேட்கவில்லை, அவர்கள் தரவில்லை.

மேலும் சில. கடன் வாங்கியபின் மனம் மாறினால், குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அசலையும் அந்நாளுக்குரிய வட்டியையும் கொடுத்து, தண்டமின்றி விலகலாம். கடன் செயலி நம் தொலைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக்கூடாது. வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது. உறவினரையும் நண்பரையும் தொல்லைப்படுத்தி அவமானப்படுத்தக்கூடாது. 2024 முதல் தாமதக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக்கூடாது. முறையிட்டு முப்பது நாளில் பதில் இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். வழிகாட்டும் தொலைபேசி எண் 14448.

இவை நமக்கு விடுதலை தரும் விதிகள் அல்ல. மூலதனம் தன் சந்தை குலையாமல் காக்கப் போட்ட வேலி. ஆயினும் அந்த வேலியையும் பயன்படுத்துவோம். நானும் எழுதிப் போட்டேன். இரண்டாம் முறை எடுத்த 295 ரூபாயை வங்கி திருப்பித் தந்தது. 590 ரூபாய் திரும்பவில்லை. கிளைச் செயலாளருக்கு அழைத்ததற்கு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. சிறிய வெற்றிதான். ஆனால் அக்கடிதத்தை எழுதியபின் என் கிளையில் இன்னும் மூவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு கிளையும் ஒரு மாலையைக் கடனுக்காக ஒதுக்கட்டும். பெயர் வேண்டாம்; யாரிடம், எவ்வளவு, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதச் செய்யுங்கள். தோழியர்களிடமும் தனியே கேளுங்கள். வீட்டில் வசூல் அழைப்பைப் பெரும்பாலும் எடுப்பவர்கள் அவர்கள்தாம்.

இரண்டாவது, பொருள் வாங்கும் முன் மூன்று கேள்விகள்: ரொக்கத்துக்கு என்ன விலை? கடன் தருவது எந்த நிறுவனம்? விவரத் தாள் தமிழில் எங்கே? இம்மூன்றையும் கேட்கும்வரை ஓடிபி எண்ணைச் சொல்லாதிருங்கள். அந்தத் தாளின் மாதிரியை எளிய தமிழில் எழுதித் தருவது என் பொறுப்பு. கவுண்டரில் நிற்கும் இளைஞரிடம் கோபிக்காதீர்கள். அவரும் இலக்கு நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளி, நாளைய சங்க உறுப்பினர்.

மூன்றாவது, கோரிக்கைகள். பூஜ்ஜிய வட்டி, விலையில்லா தவணை என்ற விளம்பரம் தடை செய்யப்பட வேண்டும். ரொக்க விலையும் தவணையின் முழு விலையும் ஒரே அளவு எழுத்தில் பொருளின் மேல் எழுதப்பட வேண்டும். பதிவு பெற்ற நிதி நிறுவனங்களின் வட்டியையும் வசூலையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கும் வேண்டும். ஊதியம் தாமதமானால் தவணையைத் தண்டமின்றித் தள்ளிவைக்கும் உரிமை வேண்டும்.

நான்காவது, மாற்று. கேரளத்தில் 1969-இல் தொடங்கிய அரசின் கே.எஸ்.எஃப்.இ. சீட்டு நடத்துகிறது, 1998 முதல் குடும்பஸ்ரீ இயங்குகிறது, கந்துவட்டியிலிருந்து சிறு கடனாளிகளை மீட்க 2018-இல் கூட்டுறவு வங்கிகள் முற்றத்தெ முல்ல திட்டத்தைத் தொடங்கின. இடம்பெயர்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு இவற்றின் கதவு எளிதாகத் திறக்கிறதா என்று சோதித்து, திறக்கச் செய்வது நம் வேலை. அதே வேளை, கருவன்னூர் கூட்டுறவு வங்கியில் 2021-இல் வெளிப்பட்ட முறைகேட்டால் வைப்பாளர்கள் பட்ட துயரை மறந்து கூட்டுறவைப் போற்றக் கூடாது. உறுப்பினர் கணக்கைக் கேட்காத கூட்டுறவு, பெயரளவில் மட்டுமே கூட்டுறவு.

தோழர்களே! இவற்றுக்கெல்லாம் அடிப்படை கூலி. கூலிப் போராட்டம் இல்லாத கடன் விழிப்புணர்வு, ஒழுகும் கூரையின் கீழ் பாத்திரம் வைப்பது போன்றது. பாத்திரமும் வேண்டும், கூரையை வேய்வதும் வேண்டும்.

இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று வேலை என்பது கூட்டத்தின் மேல் வீசப்படும் ஓர் உலோக வில்லை. சாப்பா என்றார்கள். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்றைய சோறு, பிடிக்காதவனுக்குப் பட்டினி. தோழனோடு தோழன் மண்ணில் புரண்டு அடித்துக்கொண்டான். அது இயற்கையின் விதி போலவே இருந்தது. வில்லையைப் பொறுக்குவதை நிறுத்தி, சேர்ந்து நின்று கேட்டபோது சைதும் சைதாலவியும் ஆன்றணியும் உயிரைக் கொடுக்க நேர்ந்தது. ஆனால் அந்த வில்லை இன்று இல்லை.

இன்றைய கடனும் நம் ஒவ்வொருவரையும் தனித்தனியே, தொலைபேசித் திரையின் வெளிச்சத்தில், பேசாமல் இருக்கச் சொல்கிறது. வசூலிப்பவனுக்கு நம்முடைய வெட்கமே சம்பளமில்லா ஊழியன். அந்த ஊழியனை முதலில் வேலையிலிருந்து நீக்குவோம். நான் கை உயர்த்தச் சற்றுத் தாமதமாயிற்று. நீங்கள் இந்த அறையிலேயே தொடங்கலாம்.